ஒரு மதியத்தில் எழுதிய தரவுத் திட்டமும் அதற்குக் கட்டிய பதினோரு மாத வட்டியும்

ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது தரவு மேலாண்மைத் திட்டம் என்று ஒன்று கேட்பார்கள். என்ன தரவு சேகரிப்பீர்கள், எங்கே வைப்பீர்கள், யார் கையாளுவார்கள், வேலை முடிந்ததும் மற்றவர்களுக்கு எப்படித் தருவீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும். விண்ணப்பத்திலேயே யாருக்கும் பிடிக்காத பகுதி இதுதான், எனக்கும் பிடிக்கவில்லை. கடைசித் தேதிக்கு முந்தைய நாள், "பழைய விண்ணப்பத்துல இருக்கும், எடுத்துப் போட்டுடுங்க" என்றார் என் நெறியாளர். எடுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தேநீர் வேளைக்குள் முடித்துவிட்டேன். எங்கள் ஆய்வு இரவுப் பணி செவிலியர்களின் தூக்கத்தைப் பற்றியது. திட்டத்தின் நான்காவது பத்தியிலோ மரபணு வரிசைகளை எப்படிச் சேமிப்போம் என்று ஒரு வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை, மதிப்பிட்டவர்களும் கவனிக்கவில்லை, நிதி வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைப் பார்த்து மூன்று வருடம் கழித்து ஒரு நள்ளிரவில் தனியாகச் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

இரவுப் பணியில் இருக்கும் 212 செவிலியர்கள், ஆளுக்குப் பதினான்கு நாள் தூக்கக் குறிப்பேடு, கையில் அசைவைப் பதியும் பட்டை, அவர்களில் 38 பேரிடம் நீண்ட நேர்காணல். களப்பணி நன்றாகவே நடந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம், இரண்டு சுற்றுத் திருத்தம் முடிந்து ஏற்கும் கட்டத்துக்கு வந்தபோது ஆய்விதழிலிருந்து ஒரு கடிதம். இந்த முடிவுகளுக்கு அடிப்படையான தரவை, ஆய்வுத் தரவுகளை இணையத்தில் வைத்துக் காக்கும் ஒரு களஞ்சியத்தில் ஏற்றி, அதை நிரந்தரமாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைத் தரவும் என்றது. எல்லோரும் எழுதுகிற வாக்கியத்தை நானும் எழுதினேன்: "நியாயமான வேண்டுகோளின் பேரில் ஆசிரியரிடமிருந்து பெறலாம்". இரண்டே நாளில் பதில் வந்தது, இந்த வாக்கியத்தை நாங்கள் இனி ஏற்பதில்லை என்று. அப்போது கோபம்தான் வந்தது. பிறகுதான் ஏன் ஏற்பதில்லை என்று படித்துப் பார்த்தேன். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேட்டால் தருவோம் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு உண்மையாகவே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். தந்தவர்கள் 122 பேர். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள், அல்லது பதிலே போடவில்லை. இதற்கு முன்னால், 2014இல் வந்த இன்னோர் ஆய்வு 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட அதன் தரவு எங்காவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் சரிவதைக் கண்டது. இதையெல்லாம் படித்துவிட்டு மற்றவர்களை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டேதான் என் ஃபோல்டரைத் திறந்தேன்.

உள்ளே "குறிப்பேடு_ஃபைனல்", "குறிப்பேடு_ஃபைனல்_2", "குறிப்பேடு_ஃபைனல்_இதுதான்", "குறிப்பேடு_இதுதான்_திருத்தியது" என்று நான்கு கோப்புகள் இருந்தன. எந்தக் கோப்பிலிருந்து கட்டுரையின் எண்கள் வந்தன என்று எனக்கே தெரியவில்லை. குறிப்பேடுகளைப் பார்த்துத் தட்டச்சிட்ட உதவியாளர் வேறு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அட்டவணையின் பத்திகளுக்கு, அதாவது நெடுவரிசைகளுக்கு, இருந்த தலைப்புகள் அவர் வைத்தவை: "தூ1", "தூ2", "தூ2அ". தூ2அ என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். "எனக்கே மறந்துபோச்சுங்க, உங்க வெள்ளைப் பலகையில எழுதியிருந்ததே" என்றார். வெள்ளைப் பலகையை அழித்து எத்தனை காலம் ஆயிற்று. சில கட்டங்களில் 99 இருந்தது, சிலவற்றில் 999, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. பதில் சொல்ல மறுத்தாரா, கேள்வி அவருக்குப் பொருந்தாதா, தாள் தொலைந்ததா என்று பிரித்துச் சொல்ல யாரும் இல்லை. கைப்பட்டையின் மூலக் கோப்புகளை, அந்தப் பட்டையைச் செய்த நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்க முடியும். உரிமம் முடிந்துவிட்டிருந்தது, நிதியும் முடிந்துவிட்டிருந்தது. ஒரே ஒரு மாத உரிமத்துக்கு என் ஒரு மாத உதவித்தொகையில் பாதிக்கு மேல் போயிற்று. களப்பணி நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே வாரம் ஒருமுறை, எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய உரை வடிவமான சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். தரவைக் கொடுக்கும் கருவி எதுவாக இருந்தாலும், அந்த நிறுவனம் நாளைக்கே இழுத்து மூடினால் இந்தக் கோப்பை எதில் திறப்பேன் என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

தேதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையே அதில் கவிழப் பார்த்தது. இரவு வேலை செய்பவர்களிடம் "நேற்று எப்போது தூங்கினீர்கள்" என்று கேட்பது எளிதல்ல. விடிகாலை இரண்டு மணிக்குப் படுத்தவர் அதை எந்தத் தேதியில் எழுதுவார்? சிலர் முந்தின நாளில் எழுதியிருந்தார்கள், சிலர் அடுத்த நாளில். ஆகவே குறிப்பேட்டுக்கும் கைப்பட்டைக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரும்போதெல்லாம் இது அந்த நள்ளிரவுக் குழப்பம்தான் என்று கடந்துபோயிருந்தோம். பகிர்வதற்காக எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்தபோதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. 41 பேருக்கு மட்டும், பதினான்கு நாளும், பகலில் தூங்கிய தூக்கம் உட்பட, எல்லாத் தேதியும் சரியாக ஒரு நாள் முந்தியிருந்தது. இது மனிதர்கள் செய்யும் குழப்பம் இல்லை, மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய மாட்டார்கள்.

காரணத்தைப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. எக்செல் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை, ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஓர் எண்ணாகத்தான் சேமிக்கிறது. விண்டோஸில் அந்தத் தொடக்கம் 1900, பழைய மேக் எக்செலில் 1904. இரண்டுக்கும் இடையே 1,462 நாள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும். ஒரு பகுதிக் குறிப்பேடுகளைப் பழைய மேக் வார்ப்புருவில் தட்டச்சிட்டு, பிறகு பொதுக் கோப்பில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதும் தேதிகள் நான்கு வருடம் பின்னால் போயிருக்கின்றன. வருடம் தப்பாக இருக்கிறதே என்று யாரோ நல்ல மனதோடு வருடத்தில் மட்டும் நான்கைக் கூட்டித் திருத்திவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த ஒரு நாளை யாரும் பார்க்கவில்லை. அந்த யாரோ நானாகவும் இருந்திருக்கலாம், எங்கும் எழுதி வைக்காததால் தெரியாது. 41 பேருக்கும் பணி அட்டவணை ஒரு நாள் தள்ளிப் பொருந்தியிருந்தது. திருத்திய பிறகு இரண்டு அட்டவணைகளின் எண்கள் மாறின. முக்கிய முடிவு தப்பித்தது, துணை முடிவு ஒன்று போயிற்று. அதை ஆய்விதழுக்கு நானே எழுதிச் சொன்ன இரவில் தூக்கம் வரவில்லை. தூக்கத்தைப் பற்றிய ஆய்வு என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

மரபணு ஆய்வாளர்களிடம் எக்செல் பற்றிப் பேசிப் பாருங்கள், இதைவிடப் பெரிய கதைகள் கிடைக்கும். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயர்சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. அறிவியல் ஒரு விரிதாளுக்கு வழிவிட்டது. என் பாடம் சின்னது. மூலத் தரவுக் கோப்பு வந்து சேர்ந்த அன்றே அதைப் படிக்க மட்டும் முடிகிறபடி பூட்டி ஒரு தனி ஃபோல்டரில் வைத்துவிட வேண்டும், அதன்பின் அதில் யார் கையும் படக்கூடாது. திருத்தம் எதுவானாலும் ஆர், பைத்தான் என்று ஏதாவது ஒரு நிரல்மொழியில் நிரலாக எழுத வேண்டும். நிரல் தெரியாதென்றால் ஓர் உரைக்கோப்பில், எந்தத் தேதியில், எந்தப் பத்தியில், எதை, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி போட்டால்கூடப் போதும். தேதியை 2021-03-07 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் சொல்வது இதைத்தான், கோப்புப் பெயரின் தொடக்கத்தில் போட்டால் கோப்புகளும் கால வரிசையில் தாமாக நிற்கும். ஆங்கிலம் அல்லாத எழுத்து உள்ள கோப்பை, எல்லா மொழி எழுத்துகளையும் பதியும் குறியீட்டு முறையான யுடிஎஃப்-8இல் சேமித்திருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நேர்காணல் ஒன்று முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறியதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

இதெல்லாம் நேரம் போட்டால் சரியாகிற தொல்லைகள். நேரம் போட்டாலும் சரியாகாத ஒன்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. பங்கேற்பாளர்களிடம் நாங்கள் கையெழுத்து வாங்கிய படிவத்தின் கடைசிப் பத்தி இப்படிச் சொல்லியது: "உங்கள் தகவல்களை இந்த ஆய்வுக் குழுவினர் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். ஆய்வு முடிந்ததும் அவை அழிக்கப்படும்." வார்ப்புருவில் இருந்த வாக்கியம்தான், படிப்பவருக்கு நம்பிக்கை தரும் என்று எடுத்து வைத்தோம். தரவுத் திட்டத்தில் பகிர்வோம் என்று எழுதிய அதே மாதம், படிவத்தில் பகிர மாட்டோம் என்று 212 பேருக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் என் கணினியில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில்தான் இருந்தன. பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால் என்ன என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள், பெயரோடு பார்க்க மாட்டார்கள் என்று சொல்லவில்லையே என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி ஒவ்வொருவரையும் தொடர்புகொண்டு புதிதாக ஒப்புதல் பெறுங்கள், கிடைத்தவர்களின் தரவை மட்டும் பகிருங்கள் என்று அனுமதி தந்தார்கள். அந்த அனுமதிக்கே ஏழு வாரம்.

212 பேரில் 139 பேரைத்தான் பிடிக்க முடிந்தது. எண்கள் மாறியிருந்தன, ஆட்கள் வேலை மாறியிருந்தார்கள். இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவர்களைப் பகலில் ஃபோன் செய்து எழுப்பும் பாவத்தையும் செய்தேன். 118 பேர் சரி என்றார்கள். ஓர் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற யாரும் பாக்க மாட்டாங்கன்னு அன்னைக்கு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதை நம்பித்தானே வார்டைப் பத்தி எல்லாம் சொன்னேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு, அவர் தரவு வெளியே போகாது என்று உறுதி சொல்லி வைத்தேன். அதன்பிறகு அன்று யாரையும் கூப்பிடவில்லை.

ஆகவே ஒப்புதல் படிவத்தை எழுதும்போது தரவுத் திட்டத்தை எதிரில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். "யாரும் பார்க்க மாட்டார்கள்", "அழிக்கப்படும்" என்ற இரண்டையும், உண்மையிலேயே அப்படிச் செய்யப்போகிறீர்கள் என்றால் தவிர எழுதாதீர்கள். அதற்குப் பதில், உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகு இந்தத் தரவை ஒரு களஞ்சியத்தில் வைப்போம், மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தலாம் என்று நேராகவே சொல்லலாம். பங்கேற்க ஒரு கட்டம், பகிர ஒரு கட்டம், நேர்காணலைப் பகிர இன்னொரு கட்டம் என்று தனித்தனியாக டிக் செய்யச் சொன்னால், பகிர வேண்டாம் என்பவரும் ஆய்வில் இருப்பார். இப்போது நடக்கும் புதிய ஆய்வில் அப்படித்தான் செய்கிறோம். இப்படிக் கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன், பெரும்பாலோர் மூன்று கட்டத்திலும் டிக் போட்டார்கள்.

அடையாளத்தை நீக்குவது என்றால் பெயரையும் ஃபோன் எண்ணையும் அழிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று. என் தரவில் பிரிவு, வயது, பாலினம், பணி அனுபவம் இருந்தன. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த ஆண் செவிலியர் ஒரே ஒருவர், அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரும் அந்த வரியைப் பார்த்த மறுநொடி அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர் தூக்க மாத்திரை எடுத்ததும் அதே வரியில் இருக்கிறது. வயதை ஐந்தைந்து வருடத் தொகுதியாக்கினேன், பிரிவுகளை மூன்றாகச் சேர்த்தேன், எந்தச் சேர்க்கையிலும் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். குறைந்த இடங்களில் விவரத்தையே எடுத்துவிட்டேன். நேர்காணல்களை வெளியிடவில்லை. பெயரை மாற்றலாம், பேச்சில் வரும் சம்பவத்தை மாற்ற முடியாது. அவை இருக்கின்றன என்ற குறிப்பு மட்டும் களஞ்சியத்தில் பொதுவில் இருக்கிறது, பகிர ஒப்புக்கொண்டவர்களுடைய நேர்காணல்களைப் படிக்க விரும்புகிறவர் காரணம் எழுதி அனுமதி பெற வேண்டும். தரவைப் பகிர்வது என்றால் எல்லாவற்றையும் தெருவில் கொட்டுவது என்று பொருள் இல்லை, இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

ஆய்வுத் தரவைப் பகிர்வதற்கென்று 2016இல் வெளியான ஃபேர் கொள்கைகளும், தரவு கண்டுபிடிக்கக் கூடியதாக, அணுகக் கூடியதாக, மற்றவற்றோடு இணையக் கூடியதாக, மறுபடி பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. அணுகும் வழி தெளிவாக இருக்க வேண்டுமே தவிர, கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பதில்லை.

பேக்கப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கை நானும் மாற்றப்போவதில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேக்கப் எடுப்பது வேறு, அதிலிருந்து மீட்டு எடுத்துப் பார்ப்பது வேறு. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் பேக்கப் எடுக்கும் நிரலில் வந்த பிழையாலேயே சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. காவல்காரனே வீட்டைக் காலி செய்த கதை. நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு கோப்பை பேக்கப்பிலிருந்து இறக்கித் திறந்து பார்க்கிறேன், பத்து நிமிட வேலை. இன்னொன்று, கோப்புகள் யார் கணக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். எங்கள் நேர்காணல் ஒலிப்பதிவுகளில் ஆறு, வேலையை விட்டுப் போன உதவியாளரின் நிறுவனக் கணக்கில் இருந்தன. அவர் போன தொண்ணூறாம் நாள் கணக்கு அழிந்தது, ஒலிப்பதிவும் போயிற்று, எழுத்துப் பிரதி மட்டும் மிஞ்சியது. திட்டத்தில் "தரவுகள் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும்" என்று எழுதியிருந்தேன். யாரால் என்று எழுதவில்லை. தமிழில் இந்தச் "படும்" வினை எவ்வளவு வசதி பாருங்கள், வேலை நடந்துவிடும், செய்கிறவர் மட்டும் இருக்க மாட்டார். இப்போது என் திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு, அவர் விலகினால் யார் என்பதும் உண்டு, விலகும் வாரத்தில் ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலும் உண்டு.

களஞ்சியத்தை முதலிலேயே தேர்ந்துவிட்டால் பாதி வேலை தானாக அமையும். உங்கள் துறைக்கென்றே ஒன்று இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் ஸெனோடோ, ட்ரையாட், ஃபிக்ஷேர் போன்ற பொதுக் களஞ்சியங்கள் இருக்கின்றன. செர்ன் நடத்தும் ஸெனோடோ இலவசம், ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 50 ஜிபி. கைப்பட்டைத் தரவு மாதிரிப் பெரிய கோப்புகள் இருந்தால் வரம்பை முன்பே பாருங்கள். உரிமம் போடாமல் ஏற்றாதீர்கள், போடாவிட்டால் பயன்படுத்தலாமா கூடாதா என்றே மற்றவருக்குத் தெரியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில், பெயர் குறிப்பிட்டால் போதும் என்றால் சிசி பை, அதுகூட வேண்டாம் என்றால் சிசி ஜீரோ. திட்டம் எழுத டிஎம்பிடூல், டிஎம்பிஆன்லைன் என்ற கருவிகள் இருக்கின்றன, நிதி தரும் அமைப்பு எதுவென்று சொன்னால் அது கேட்கும் கேள்விகளை வரிசையாக எடுத்துத் தரும். கேள்விக்குப் பதில் எழுதும்போது இன்னொருவர் பதிலைக் காப்பியடிக்கக் கை வராது. அப்புறம், தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்கும் விளக்கக் கோப்பு எழுதும் வேலைக்கும் விண்ணப்பத்திலேயே பணம் கேளுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி 25இலிருந்து நடைமுறைப்படுத்தும் கொள்கையில் இந்தச் செலவை வெளிப்படையாகவே அனுமதிக்கிறார்கள். நான் கேட்கவில்லை, ஆகவே பதினோரு மாதமும் சம்பளமில்லாத வேலை. அதற்குள் நான் குறிவைத்திருந்த ஒரு வேலைக்கான விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது, கட்டுரை இன்னும் "திருத்தத்தில்" இருந்தது.

ஒருவழியாக 118 பேரின் தரவு ஏறியது, டிஓஐ கிடைத்தது, கட்டுரை வந்தது. விளக்கக் கோப்பு மட்டும் ஒன்பது பக்கம், ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், என்ன அலகு, எந்தக் குறியீட்டுக்கு என்ன அர்த்தம் என்று எழுதினேன். தூ2அ என்பது பகலில் இரண்டாவது முறை தூங்கிய நேரம் என்பதைப் பழைய தாள்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருந்தேன், பெருமையாக இருந்தது. போன மாதம் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு மாணவி, தரவை இறக்கிப் பார்த்துவிட்டு மின்னஞ்சல் போட்டிருந்தார்: மாத்திரைப் பத்தியில் பதினேழு இடத்தில் 88 இருக்கிறதே, அது என்ன? விளக்கக் கோப்பைத் திறந்தேன். 77க்கு எழுதியிருக்கிறேன், 99க்கு எழுதியிருக்கிறேன், 88 இல்லை. தாள்கள் இருந்த பெட்டியை மறுபடி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து இரண்டாம் பதிப்பை ஏற்றிவிட்டு அவருக்குப் பதில் எழுதினேன்.